லிடியா பொன்னையாவின் மகன்

ஜூன் 9, 2019, ஞாயிறு

இன்றும் லாரி தாமதம். குடங்களோடு தெருமுனையில் நின்றதில் ஆராதனைக்குப் போக முடியவில்லை. கெத்சியாள் மட்டும் போய்வந்தாள். அம்மாவுக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. "லண்டன்ல நாயைக்கூட இதைவிட நல்லா குளிப்பாட்டுவாங்க" என்றாள் அம்மா. பெரம்பூரில் இப்போது மனிதர்களுக்கே தண்ணீர் இல்லை என்று சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோயில் பாடகர் குழுவில் இருக்கும் சாமுவேல், கெத்சியாளின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். 'உங்க மாமியார்தானே இது?' என்று கேட்டு, கீழே கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

அம்மாதான். 1979-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பேட்டி நிகழ்ச்சி. யாரோ பழைய டேப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படத்தின் அடியில் கோடு ஓடுகிறது, சிவப்பு நிறம் விளிம்பைத் தாண்டி வழிகிறது. டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும்.

டெரன்ஸ் ஹாலோவே என்று ஒரு ஆள் பேட்டி எடுக்கிறார். அகலமான டை, விரலிடுக்கில் சிகரெட். அம்மா பச்சைப் பட்டுப்புடவையில், கொண்டையை உயர்த்திப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைகிறாள். இந்தியாவில் பாம்பாட்டிகள்தான் இசைக்காரர்கள் என்று நினைத்திருந்தேன் என்று அந்த ஆள் சிரிக்கிறார். "பாம்புகள் நல்ல ரசிகர்கள், மிஸ்டர் ஹாலோவே. நடுவில் பேசாது" என்கிறாள் அம்மா. கூட்டம் கை தட்டுகிறது. அந்த ஆள் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக உட்கார்கிறார்.

பிறகு எழுந்து பியானோ பக்கத்தில் நின்று ஒரு ஓப்பரா பாட்டு பாடுகிறாள். இத்தாலிய மொழி. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. மைக் எங்கோ தள்ளி இருக்கிறது, அவளுக்கு அது தேவைப்படவில்லை. மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகிறாள். இதற்குமேல் போக முடியாது என்று நாம் நினைக்கும் இடத்தில் நின்று, ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து இன்னொரு படி ஏறுகிறாள். அந்த உச்சியில் ஒலி கரகரக்கிறது. குறை டேப்பில், குரலில் இல்லை.

இங்கே வந்த ஆறு வருடத்தில் அவள் ஒரு வரிகூடப் பாடி நான் கேட்டதில்லை.

இரண்டு முறை பார்த்தேன். படத்தின் தரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.


ஜூன் 10, திங்கள்

மூன்றாவது முறை பார்த்தேன். மொத்தம் ஏழு நிமிடம்தான்.

அம்மா கப்பல் ஏறியபோது எனக்கு நாலு வயது. வேப்பேரி கோயிலில் பாடிக்கொண்டிருந்தவளை ஒரு மிஷன் துரைசானி கேட்டுவிட்டு, லண்டனில் படிக்க உதவித்தொகை வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வருடப் படிப்பு என்று சொல்லிப் போனாளாம். அப்பாவும் அத்தையும் என்னை வளர்த்தார்கள். அங்கே லீதியாள், லிடியா பொன்னையா ஆனாள். பொன்னையா என் தாத்தா பெயர். அப்பாவின் பெயரை அவள் எங்கேயும் போட்டுக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும், கையெழுத்து மட்டும் இருக்கும். அப்பா இறந்தபோதும் கார்டுதான் வந்தது.

ஆறு வருடம் முன்பு இடுப்பெலும்பு முறிந்து, அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கார்ல ஏசி இருக்கா?"

இருந்தது. ஏசி கார்தான் பிடித்திருந்தேன்.


ஜூன் 12, புதன்

வீடியோவுக்குக் கீழே ஊர் ஊராக எழுதியிருக்கிறார்கள். தேவதை என்கிறார்கள். இப்படி ஒருத்தி இருந்தது எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்கிறார்கள். ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாள்: 'முழு நிகழ்ச்சியையும் பாருங்கள். தன் சின்ன மகனைப் பற்றி அவர் பேசும் இடத்தை அழாமல் பார்க்க முடியாது.'

சின்ன மகன் நான்தான். வேறு பிள்ளை கிடையாது.

கெத்சியாளிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். "உங்களைப் பத்தியா? டிவியிலயா?" என்று கரண்டியோடு வந்துவிட்டாள். பெரிய விஷயமில்லை என்றேன். மாடி வீட்டு நாராயணனிடமும் ஏதோ பேச்சில் சொல்ல வேண்டி வந்தது. லாரிக்காரனிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

மாலையில் காபி கொடுக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அந்த டிவி பேட்டியில என்னைப் பத்தி ஏதோ சொன்னீங்களாமே?"

"எந்தப் பேட்டி? நான் எவ்வளவோ பேட்டி குடுத்திருக்கேன்."

"பச்சைப் புடவை கட்டிக்கிட்டு."

டம்ளரை என் பக்கம் நீட்டினாள். "ஆறிப்போச்சு. சுடவச்சுக் கொண்டு வா" என்றாள். ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது.


ஜூன் 15, சனி

ரெஜினா அமல்ராஜ் என்று ஒரு அம்மாள் சாமுவேலிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அடையாறிலிருந்து வந்திருந்தார். மேல்நாட்டு இசைக்கு ஒரு சங்கம் நடத்துகிறார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு போய் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அம்மாவைப் பார்க்க வேண்டுமே. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். முக்கால் மணி நேரம் ஒரே இங்கிலீஷ். எந்த நகரம், எந்த அரங்கம், எந்த இசைக்குழு நடத்துநர் தாளம் தப்பினார், எல்லாம் வந்தது. பிற்பகலானால் என் பெயரைக்கூட இரண்டு தடவை யோசித்துச் சொல்கிறவள்.

நான் பலகாரத் தட்டோடு உள்ளே போனேன். "இவர்?" என்றார் ரெஜினா.

"ஆசீர். இவன்தான் என்னைப் பார்த்துக்கிறான். கரண்ட் வேலையெல்லாம் நல்லா செய்வான்" என்றாள் அம்மா.

வாசல்வரை வழியனுப்பப் போனபோது ரெஜினா என்னிடம், "நீங்க மேடத்தோட அண்ணன் பையனா?" என்றார்.

கெத்சியாள் பின்னாலிருந்து, "மகன்" என்றாள்.

ரெஜினாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே கனிந்தது. "ஓ! தத்து எடுத்தாங்களா? அதான் அதே பேரை வச்சிருக்காங்க. மை காட்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க முழு ப்ரோக்ராமும் பாக்கலையா? அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்குச் சில சமயம் தமிழ் சரியாகக் காதில் விழுவதில்லை.


ஜூன் 16, ஞாயிறு

முழுவதும் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை.


ஜூன் 18, செவ்வாய்

நாராயணன் வீட்டு ஸ்பீக்கரைப் பழுதுபார்க்க வாங்கி வைத்திருந்தேன். சாலிடர் வைக்கும்போது கட்டைவிரலில் சுட்டுக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இப்படி ஆனதில்லை.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

பாட்டு முடிந்து அம்மா சோபாவில் வந்து உட்காருகிறாள். ஊரில் யாரையாவது விட்டுவிட்டு வந்தீர்களா என்று ஹாலோவே கேட்கிறார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறார். அம்மா தன் கையைப் பார்க்கிறாள். "ஒரு மகன் இருந்தான்" என்கிறாள். "ஆசீர் என்று பெயர். ஆசீர்வாதம் என்று அர்த்தம். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. கப்பல் ஏறினேன்."

அவனுக்குப் பாடிய பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா என்று அந்த ஆள் மெதுவாகக் கேட்கிறார். அம்மா உட்கார்ந்தபடியே, பியானோ இல்லாமல், தமிழில் ஒரு தாலாட்டு பாடுகிறாள். ஊரில் எல்லோரும் பாடும் ஆராரோதான். நடுவில் என் பெயரைச் சேர்த்திருக்கிறாள். ஏழு நிமிட வீடியோவில் ஏறிப் போன அதே குரல் இதில் கீழே கீழே இறங்கி, கடைசியில் மூச்சு மட்டும்தான் மிச்சம். ஹாலோவே கைக்குட்டையை எடுக்கிறார். முன்வரிசையில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

பொய்யான ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு சுரம், ஒரு கண்ணசைவு. கிடைக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. புரசைவாக்கத்தில் ஒரு ரேடியோ கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் எதுவும் வந்ததாக நினைவில்லை.

அவள் எனக்குத் தாலாட்டுப் பாடினாளா என்றும் தெரியாது. அத்தை வேறு மாதிரி சொல்வாள். "உங்கம்மா பாடிப் பழகும்போது நீ அழுதா, எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திருவா."


ஜூன் 20, வியாழன்

கெத்சியாளும் பார்த்துவிட்டாள். நான் காட்டவில்லை. காலை முழுக்கப் பேசவில்லை. குழம்பு வைத்தாள், அம்மாவுக்கு பேடு மாற்றினாள், முதுகில் பவுடர் போட்டாள். மதியம் எனக்குச் சோறு போடும்போதுதான் ஆரம்பித்தாள்.

"செத்தவனுக்கா நான் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? நான் செத்தவன் பொண்டாட்டி. ஆறு வருஷமா அவங்களைக் குளிப்பாட்டிவிடுறது பேயி. பேயி வச்ச குழம்பைத்தான் உப்பில்ல உப்பில்லன்னு சாப்பிடுறாங்க."

"கெத்சியா..."

"அந்த ரெஜினாம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்றேன். சொல்லிட்டு உங்கம்மாவை ஏதாவது ஹோமுக்கு அனுப்புங்க. இனிமே என்னால அந்த ரூமுக்குள்ள போக முடியாது."

சாயங்காலம் போனாள். படுக்கைப் புண் வராமல் இருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமே.


ஜூன் 23, ஞாயிறு

லாரி சீக்கிரமே வந்துவிட்டது. அம்மா நல்ல தண்ணீரில் குளித்தாள். காலை வேளையில் அவள் மனம் கண்ணாடி மாதிரி இருக்கும். நகம் வெட்டிவிடும்போது கேட்டேன்.

"நான் செத்துப்போயிட்டேன்னு சொன்னீங்களாம்மா?"

கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஆமா. சொன்னேன்."

"ஏன்?"

"அவன் கேட்டான். லைட்டு மூஞ்சியில அடிக்குது. எதிர்ல அத்தனை பேர். நாலு வயசுப் புள்ளையை விட்டுட்டுப் பாட வந்தேன்னு சொன்னா, அப்புறம் என் பாட்டை எவன் கேப்பான்? அதே சோபால அதுக்கு முந்தின வாரம் ஒரு பாட்டுக்காரன் உக்காந்திருந்தான். மூணு ஊர்ல மூணு புள்ளைங்க அவனுக்கு. அவனை யாரும் கேக்கல."

"என்னை விட்டுட்டு வந்ததாவே சொல்லியிருக்கலாம். நான் உயிரோட இருந்திருப்பேன்."

"விட்டுட்டு வந்தேன்னு சொன்னா கல்லு விழும். செத்துப்போயிட்டான்னு சொன்னா பூ விழும். நான் பூவை எடுத்துக்கிட்டேன்." இன்னொரு கையை நீட்டினாள். "சுண்டுவிரல்ல பாத்து வெட்டு. ரத்தம் வந்துரும்."

பாத்து வெட்டினேன். "என் பேரை எதுக்குச் சொன்னீங்க? ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாமே."

இதற்குத்தான் அவள் யோசித்தாள். வெளியே குடங்கள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வேற பேர் வரல" என்றாள்.

நகத்துண்டுகளைப் பேப்பரில் மடித்து எழுந்தேன். கதவுப் பக்கம் போனதும் கூப்பிட்டாள். முகத்தில் ஒரு ஆர்வம். மார்க் எவ்வளவு என்று கேட்கும் பள்ளிக்கூடப் பெண் மாதிரி.

"அந்தத் தாலாட்டு... நல்லா வந்திருந்துச்சு இல்ல?"

"நல்லா வந்திருந்துச்சும்மா" என்றேன். வேறென்ன சொல்ல? நன்றாகத்தான் வந்திருந்தது.


ஜூன் 27, வியாழன்

ரெஜினா வந்தார். ஜூலை ஆறாம் தேதி அம்மாவுக்குப் பாராட்டு விழா. மயிலாப்பூரில் ஒரு அரங்கம் பிடித்துவிட்டார்களாம். பெரிய திரையில் அந்தப் பேட்டி, அம்மாவுக்குப் பொன்னாடை, நாலு பேர் பேச்சு.

கெத்சியாள் எனக்கு முன்னால் ஹாலுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் ரெஜினா. "முதல்ல நான் சொல்லிடுறேனே. இல்லைன்னா தைரியம் போயிடும்."

அவருக்கு ஒரு பெண் இருந்தாளாம். இலக்கியா. பதினோரு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு ரெஜினாவால் பாட முடியவில்லை. வாயைத் திறந்தால் குரல் வரவில்லையாம். போன டிசம்பரில் யாரோ இந்த டேப்பை அனுப்பினார்கள்.

"ஒரு அம்மா, குழந்தை போன பிறகு, அத்தனை பேருக்கு முன்னாடி உக்காந்து அதே தாலாட்டைப் பாடுறாங்க. அவங்களால முடியுதுன்னா எனக்கு ஏன் முடியாது? தினம் அதைப் போட்டுக் கேட்டேங்க. ஈஸ்டருக்கு கோயில்ல பாடினேன். அதுக்கு அப்புறம்தான் அந்த டேப்பை எல்லாரும் பாக்கட்டும்னு நெட்ல போட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சொல்லுங்க சிஸ்டர், நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

கெத்சியாள் என்னைப் பார்த்தாள். நான் விரலில் இருந்த சூட்டுக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தைக்கு ஏசி ஒத்துக்காது. சால்வை போர்த்தணும். அதான் சொல்ல வந்தேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.


ஜூன் 30, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். நான் அவள் மகன் என்று தெரிந்த எங்கள் கோயிலில் யாருக்கும் விழாவைப் பற்றிச் சொல்லவில்லை. சாமுவேல் விழா அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டாராம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.


ஜூலை 3, புதன்

அந்த ஏழு நிமிட வீடியோவை மட்டும் இப்போதெல்லாம் பார்க்கிறேன். தாலாட்டு வரை போகாதது. அதில் நான் சாகவில்லை. பிறக்கவும் இல்லை. ஒரு பெண் நின்று பாடுகிறாள், அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்து கேட்கிற யாரோ ஒருவனாக நானும் கேட்கலாம்.

அந்த யாரோ ஒருவன் கொடுத்து வைத்தவன். இன்னொரு படி அவள் ஏறும்போது அவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. பாட்டு முடிந்ததும் அவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.


ஜூலை 6, சனி

பார்க்கிறேன், எழுத முடிகிறதா என்று.

அரங்கம் நிறைந்துவிட்டது. அம்மா பச்சைப் பட்டு கேட்டாள். பேட்டியில் கட்டியது இப்போது இல்லை, கெத்சியாள் தன் கல்யாண நாளுக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிவிட்டாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் மேடைக்குப் போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மாவின் கழுத்து, முதுகு எல்லாம் நிமிர்ந்துவிட்டன. வீட்டில் ஒரு டம்ளரைப் பிடிக்க நடுங்கும் கை, அங்கே மேலே எழுந்து அப்படியே நின்றது.

பேசியவர்கள் எல்லோரும் 'மகனை இழந்த தாய்' என்றார்கள். ஒருவர் மட்டும் பாட்டைப் பற்றிப் பேசினார், மூச்சை எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள் என்றார். அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பிறகு விளக்கை அணைத்துத் திரையில் போட்டார்கள். நான் மேடை ஓரத்தில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு பெரிதாக அவள் முகத்தைப் பார்த்ததில்லை. தாலாட்டு வந்தபோது அரங்கத்தில் விசும்பல்கள் கேட்டன. எனக்குப் பக்கத்தில் பூச்செண்டோடு நின்றிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பையன் இருந்திருந்தா இப்ப உங்க வயசுதான் இருக்கும் சார்" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

விளக்கு வந்ததும் ரெஜினா மைக்கில் என்னைக் கூப்பிட்டார். "இழந்த மகனுக்குப் பதிலா கடவுள் குடுத்த வளர்ப்பு மகன், மிஸ்டர் ஆசீர்" என்றார். எனக்கும் ஒரு பொன்னாடை. கைதட்டல் நிற்கவே இல்லை. பூச்செண்டுப் பெரியவர் என் தோளைத் தட்டி, "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்க மாட்டான் சார்" என்றார். கடைசி வரிசையில் கெத்சியாள் எழுந்து வெளியே போவது தெரிந்தது.

அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பாடச் சொல்லிக் கேட்டார்கள், முடியாது என்று தலையசைத்தாள். அப்படியானால் ஆசீரைப் பற்றி இரண்டு வார்த்தை என்று ரெஜினா கெஞ்சினார்.

அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் இருந்தாள். தமிழில்தான் பேசினாள்.

"என் மகன் எங்கயும் போகல. தினம் காலையில எனக்குக் காபி கொண்டு வர்றான். நகம் வெட்டிவிடுறான். நான் திட்டினா ஒண்ணும் சொல்ல மாட்டான். இங்கதான் நிக்கிறான்."

அழாதவர்கள் யாரும் இல்லை. முன்வரிசையில் ஒருத்தி, "ஐயோ பாவம், இன்னும் இருக்கான்னே நினைச்சிட்டிருக்காங்க" என்று பக்கத்தில் இருப்பவளைக் கட்டிக்கொண்டாள். ரெஜினா மண்டியிட்டு அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டார்.

அவள் என்னைப் பார்த்தாளா என்று பார்த்தேன். பார்க்கவில்லை. எனக்காகச் சொன்னாளா, அவர்களுக்காகச் சொன்னாளா? கைதட்டல் எழும்பி வரும் சரியான கணத்தில் மைக்கைக் கீழே இறக்கினாள். அந்தக் கணம் தப்பியிருந்தால் எனக்காக என்று நம்பியிருப்பேன்.


ஜூலை 7, ஞாயிறு

கெத்சியாள் புடவையை ட்ரை வாஷுக்குக் கொடுத்தாள். பொன்னாடையை என்ன செய்வது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.


ஜூலை 11, வியாழன்

அம்மாவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வரும் நாளில் பவுடர், சென்ட். வராத நாளில் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள். இன்று யாரும் வரவில்லை. மாத்திரை கொடுக்கப் போனபோது, உட்காரச் சொன்னாள்.

"ரெஜினா ஒரு இடம் சொல்றா. பரங்கிமலை கிட்ட. கன்னியாஸ்திரிங்க நடத்துற ஹோமாம். ஹால்ல பியானோ இருக்காம். சங்கத்து ஆளுங்க வாராவாரம் வருவாங்களாம்."

"இங்க என்னம்மா குறை?"

"குறைன்னு சொல்லல."

"கெத்சியா ஏதாவது சொன்னாளா?"

"அவ தங்கம். அவளைச் சொல்லாத." போர்வை நுனியை மடித்துப் பிரித்தாள். "இங்க நான் வெறும் உன் அம்மா, ஆசீர். அங்க போனா லிடியா பொன்னையா. எனக்கு இன்னும் எத்தனை நாளோ. அதுவரைக்கும் அவளா இருந்துக்கிறேனே."

யோசிக்கலாம் என்றேன். அவள் யோசித்து முடித்துவிட்டாள் என்று தெரிந்தது. கேட்பதுபோலத்தான் சொன்னாள், கேட்கவில்லை. ரெஜினா வேன்கூடப் பேசியாயிற்றாம்.


ஜூலை 14, ஞாயிறு

ஹோமுக்கு அனுப்பச் சொன்னவள் கெத்சியாள்தான். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். என்ன என்று கேட்டதற்கு, "போறவங்களுக்கு எவ்வளவு ஈஸி பாத்தீங்களா" என்றாள்.

பிறகு எழுந்து மூட்டை கட்டினாள். பேடு பாக்கெட்டுகளைப் பெட்டி நிறைய வைத்தாள். "அங்க வேற கம்பெனி போட்டாங்கன்னா அவங்களுக்கு அரிக்கும். சிஸ்டருங்ககிட்ட சொல்லிடுங்க."


ஜூலை 20, சனி

காலையில் வேன் வந்தது. கெத்சியாள் அம்மாவுக்குத் தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். எனக்குத் தெரிந்து முதல் தடவை. கெத்சியாள் வேன்வரை வரவில்லை, வேலை இருக்கிறது என்றாள்.

கிண்டி தாண்டும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மெட்ராஸ் ரொம்பக் காஞ்சுபோச்சு" என்றாள். நான் அவளுடைய மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று இன்னொரு முறை சொன்னேன். சரி சரி என்றாள்.

நல்ல இடம். மரங்கள் இருக்கின்றன, சொந்தக் கிணறு இருக்கிறது. சிஸ்டர் பிலோமின் என்பவர் வாசலுக்கே வந்தார். உள்ளே ஹாலில் ரெஜினாவும் சங்கத்து ஆட்கள் சிலரும் பூங்கொத்துகளோடு நின்றிருந்தார்கள். ஒரு ஆங்கிலோ இந்தியக் கிழவி பியானோவில் என்னமோ வாசித்தாள். அம்மாவைக் கண்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலிப் பிடியில் அம்மாவின் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன.

அறையில் துணிகளை அடுக்கினேன். கட்டில் உயரத்தைச் சரிபார்த்தேன். மின்விசிறியில் சத்தம் வந்தது, ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, தளர்ந்திருந்த திருகை முறுக்கினேன். பேடு விஷயத்தை சிஸ்டரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, "அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?" என்றார்.

"என்னை."

"நீங்க அவங்களுக்கு..."

ஹாலில் பியானோ நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"பார்த்துக்கிட்டு இருந்தவன்" என்றேன்.

திரும்ப ஹாலுக்குப் போனேன். அம்மாவைச் சுற்றி வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஹாலோவேயிடம் பாம்பைப் பற்றிச் சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ முறை பார்த்ததுதான் என்றாலும் நின்று கேட்டேன். நன்றாகச் சொல்கிறாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கதை முடிந்து அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது என்னைக் கவனித்தாள்.

"இன்னும் கிளம்பலையா நீ?"

எனக்கு நாலு வயதாக இருந்தபோது அவள் கப்பல் ஏறிய நாள் நினைவில்லை. அத்தை என்னை எங்கோ வேடிக்கை காட்டக் கூட்டிப்போய்விட்டாளாம். அதனால் அவள் விடைபெறுவதை நான் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தேன். கண்ணில் நீர் இல்லை, கோபம் இல்லை. வேலை இருக்கிற ஒருத்தி, வழியில் நிற்கிற ஒருவனைப் பார்க்கிற பார்வை.

கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், தெருமுனைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாலும், ஆறு வருடமாக அவள் அறை வாசலில் நின்று "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நான் படி இறங்கியிருக்கிறேன்.

"போறேம்மா" என்றேன்.

வெறும் போறேன். சாவு வீட்டில்தான் 'வர்றேன்' என்று சொல்லாமல் கிளம்புவோம், உயிரோடு இருக்கிறவர்களிடம் யாரும் அதை விட்டுவிட்டுச் சொல்வதில்லை. அவள் எவ்வளவு காலம் வெளியில் இருந்தாலும் இந்தத் தமிழ் மறந்திருக்காது. சுற்றியிருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவளுடைய தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது. என்னை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரி" என்றாள்.